புல்லுக்கு அடிக்கும் மருந்து மரத்தை விடுமா? காபி, எலுமிச்சை, களைக்கொல்லி: ஓர் ஆய்வு

தாம்பரத்தில் காபி விளைவதில்லை; வறுத்து அரைக்கும் வாசனை மட்டும் உண்டு. எலுமிச்சை அப்படியில்லை. சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், மேடவாக்கம் என்று தனிவீடுகள் மிச்சமிருக்கும் தெருக்களில் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் அடுத்தபடியாகக் கொல்லையில் நிற்பது அதுதான். ஐப்பசி மழை ஓய்ந்ததும் மரத்தடியில் முழங்கால் உயரத்துக்குப் புல் மண்டுகிறது. பக்கத்துக் காலிமனையிலிருந்து பார்த்தீனியம் வேலியைத் தாண்டி வருகிறது. களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. தாண்டிக்குடியிலோ ஏற்காட்டிலோ காபித் தோட்டம் வைத்திருப்பவரும் இதே காரணத்தால்தான் களைக்கொல்லிப் பக்கம் போகிறார். இருவரும் கடைக்காரரிடம் கேட்பது ஒன்றே: மரத்துக்கு ஒன்றும் ஆகாதே?

அதற்கு இதுவரை கிடைத்திருக்கும் பதில்களை இந்தக் கட்டுரை ஒருசேர எடுத்துப் பார்க்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காபிக்கும் எலுமிச்சைக் குடும்பத்துக்கும் இன்று பரவலாக அடிக்கப்படும் மருந்துகளில், பயிரை அடையாளம் கண்டு விட்டுவிடும் மருந்து கிடையாது. துளி எங்கே விழுகிறது, மரத்துக்கு எத்தனை வயது, மண் எப்படிப்பட்டது, தெளிப்பவர் கை எப்படிப்பட்டது என்பவைதான் பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன. இவற்றைக் கேட்காமல் மருந்தின் பெயரை மட்டும் சொல்லும் எந்தப் பரிந்துரையும் அரைகுறைதான்.

மக்காச்சோளத்துக்கு உள்ள கவசம்

மக்காச்சோளக் காட்டில் அட்ரசின் அடித்தால் களை சாகும், சோளம் நிற்கும். சோளச் செடி அந்த மருந்தைத் தன் உடலுக்குள்ளேயே சிதைத்துச் செயலிழக்க வைத்துவிடுகிறது. களைகள் பலவற்றுக்கு அந்தத் திறன் இல்லை. தேர்ந்து கொல்லும் மருந்து என்று சொல்வது இதைத்தான். அங்கே பயிரின் மேலேயே தெளித்தாலும் பெரிய கேடு வராது.

காபித் தோட்டத்திலும் எலுமிச்சைத் தோப்பிலும் கதை வேறு. அங்கே அதிகம் புழங்கும் கிளைபோசேட், தாவரங்கள் தமக்கு வேண்டிய மூன்று அமினோ அமிலங்களைச் செய்துகொள்ளும் பாதையில் ஒரு நொதியை அடைத்துவிடுகிறது. அந்தப் பாதை புல்லுக்கும் உண்டு, காபிக்கும் உண்டு, எலுமிச்சைக்கும் உண்டு. 1970-இல் மான்சாண்டோ நிறுவனத்தின் ஜான் ஃபிரான்ஸ் இதன் களைகொல்லும் திறனைக் கண்டறிந்தார். 1974-இல் 'ரவுண்டப்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பச்சையான எந்தப் பாகத்தில் பட்டாலும் உள்ளே இறங்கி வேர்வரை போகும். அருகம்புல், கோரை போல மண்ணுக்கடியில் உயிர் வைத்திருக்கும் களைகளுக்கு எதிராக இது விரும்பப்படுவதற்குக் காரணம் இந்த ஊடுருவல்தான். எலுமிச்சைக்கு ஆபத்து வருவதும் இதே வழியில்தான்.

பாராகுவாட் இன்னும் பழையது. 1962-இல் 'கிராமாக்சோன்' என்று வந்தது. இது உள்ளே ஊடுருவிப் பயணிப்பதில்லை. பட்ட இலையை வெயிலில் ஓரிரு நாளில் கருக்கிவிடும், வேரைத் தொடாது. களிமண் இதை இறுகப் பற்றிக்கொள்வதால் மண் வழியாக மரத்துக்குப் போவது அரிது. ஆகவே மரத்தைப் பொறுத்தவரை கிளைபோசேட்டைவிடப் பாராகுவாட் 'சாது'. மனிதரைப் பொறுத்தவரை கணக்கு தலைகீழ். பாராகுவாட் சிறிதளவு உள்ளே போனாலும் நுரையீரல் நார்த்து இறுகிப்போகும்; மாற்று மருந்து இன்றுவரை இல்லை. பயிர்ப் பாதுகாப்பும் ஆள் பாதுகாப்பும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகை, டையூரான் போல மண்ணில் தெளித்து முளைக்கும் களையை அடக்குபவை. இவை மேல்மண்ணில் தங்கி நிற்க, மரத்தின் வேர் அதற்குக் கீழே இருப்பதால் மட்டுமே மரம் தப்புகிறது. மணற்பாங்கான, மக்கு குறைந்த மண்ணில் மழையோ பாசனமோ மருந்தைக் கீழே கொண்டுபோய்விட்டால் அந்த இடைவெளி மறைந்துவிடும். காபிக்கு உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் ஓரடி மண்ணில்தான் படர்ந்திருக்கிறது. எலுமிச்சையின் சல்லிவேர்களும் மேலோட்டமானவையே. மேல்வேர்ப் பயிர்கள் இரண்டுக்கும் 'ஆழம்தான் காவல்' என்று நம்புவதில் உள்ள இடர் அது.

இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால்

மருந்துச் சாரல் பட்ட எலுமிச்சைக் கிளையை உடனே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்த துளிரில் தெரியும். வழக்கமாக அகன்று வரவேண்டிய இலை நாணல் போலக் குறுகி நீண்டு வரும். கணுக்கள் நெருங்கி, துளிர் கொத்தாகக் குவியும். நரம்புகளுக்கு இடையே மஞ்சள் திட்டு ஓடும். காபியிலும் கிட்டத்தட்ட இதே தோற்றம்தான். சிக்கல் என்னவென்றால், துத்தநாகக் குறைபாட்டிலும் இலை இப்படித்தான் சிறுத்து மஞ்சளிக்கும். ஆசிய சைலிட் பூச்சி பரப்பும் பசுமையாக்க நோயின் தொடக்கத்தையும் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். விவசாயி துத்தநாக சல்பேட் வாங்கி அடிப்பார், மரம் தேறாது, அடுத்த தடவையும் அடியில் புல் மருந்தே போகும்.

குழப்பத்தைத் தீர்க்க ஓர் எளிய சோதனை உண்டு. நோயோ சத்துக்குறைவோ என்றால் மரத்தின் எல்லாப் பக்கமும், அல்லது தோப்பில் அங்கங்கே ஒழுங்கில்லாமல் தெரியும். மருந்துக் காயம் தாழ்ந்த கிளைகளில், தெளித்தவர் நடந்து போன பக்கத்தில், காற்று வீசிய திசையில் கூடுதலாக இருக்கும். டையூரான் வேர் வழியே ஏறியிருந்தால் இலையின் நடுநரம்பும் பக்க நரம்பும் முதலில் வெளுக்கும், இலைப்பரப்பு பிறகுதான்.

காயம் படும் இடங்களும் குறிப்பானவை. எலுமிச்சையின் தாழ்ந்த கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அடியில் வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் போத்துகள் புல்லோடு புல்லாக நிற்கும். மூன்று வயதுக்குள் உள்ள கன்றின் தண்டுப்பட்டை இன்னும் பச்சையாகவே இருக்கும். இந்த மூன்றும் கிளைபோசேட்டுக்குத் திறந்த வாசல்கள். முதிர்ந்து பழுப்பேறிய பட்டையில் பட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கன்றில் பட்டால் முடியாது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில ஆரஞ்சுத் தோப்புகளில், தாழ்ந்த காயின் மேல் கிளைபோசேட் பட்டால் காய் உதிர்கிறது என்பதையும் கண்டிருக்கிறார்கள்.

மற்றொரு காயம் டேங்க்கிலிருந்து வருகிறது. கரும்புக்கோ சோளத்துக்கோ 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்த அதே ஸ்பிரேயரைத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு எலுமிச்சைக்கு நோய் மருந்து அடிப்பார்கள். ரப்பர் குழாயிலும் வாஷரிலும் ஒட்டியிருக்கும் மிச்சமே போதும், துளிர் முறுக்கிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், இதே 2,4-டியைப் பிஞ்சு உதிராமல் காக்கவும் எலுமிச்சைக்குத் தெளிக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அந்த அளவு 20 பிபிஎம், அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம். களைக்கு அடிக்கும் கரைசல் இதைவிடப் பலபத்து மடங்கு செறிவானது. களைக்கென்று ஒரு டேங்க், மற்றவற்றுக்கு ஒரு டேங்க் என்று பிரித்து வைப்பதே இதற்கு ஒரே தீர்வு.

காபியும் கமலாவும் ஒரே சரிவில்

தமிழ்நாட்டில் காபியையும் எலுமிச்சைக் குடும்பத்தையும் பிரித்துப் பேச முடியாத இடம் கீழ்ப்பழனி மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர் பகுதிகளில் அரபிகா காபிக்கு இடையே கமலா ஆரஞ்சும் மலை வாழையும் மிளகும் நிற்கின்றன. காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியில் இருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அருகே தடியன்குடிசையில் இருக்கிறது. ஒரு காலத்தில் கொடை ஆரஞ்சுக்குப் பேர் போன இந்த மலையில் வைரஸும் பசுமையாக்க நோயும் கமலாவை வெகுவாக அழித்துவிட்டன. மிஞ்சியிருக்கும் மரங்களில் மருந்துக் காயத்தையும் நோயையும் பிரித்தறிவது இன்னும் முக்கியமாகிறது. சேர்வராயன் மலையில் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியையும் பழமரங்களையும் ஒருசேரக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்தக் கலப்பு வழக்கம் தொடர்கிறது. குடகிலும் இதே கதை.

இப்படிப்பட்ட தோட்டத்தில் ஒரு மருந்தைக் காபிக்குப் பாதுகாப்பானது என்று சொல்லி முடித்துவிட முடியாது. அதே நாசில் வீசும் துளி அடுத்த அடியில் கமலாக் கன்றின் மேலும், அதற்கடுத்த அடியில் மிளகுக் கொடியின் மேலும் விழும். சரிவு நிலம் வேறு. களையை அடியோடு கருக்கி மண்ணை மொட்டையாக்கினால் வடகிழக்குப் பருவமழையில் மேல்மண் மருதாநதிப் பக்கம் இறங்கிவிடும். மூத்த தோட்டக்காரர்கள் களையைப் பிடுங்குவதைவிட அரிவாளால் தரையோடு அரிந்து அங்கேயே போடச் சொல்வதற்கு இந்த மண்ணரிப்புதான் காரணம்.

கீழ்ப்பழனிக்கு ஓர் அனுகூலமும் உண்டு. இந்தியக் காபி பெரும்பாலும் நிழலில் வளர்வது. கல்யாண முருங்கை, சில்வர் ஓக், பலா ஆகியவற்றின் நிழல் விழுந்து செடி மூடிக்கொண்ட தோட்டத்தில் களைக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை. களைப் போராட்டம் உக்கிரமாக இருப்பது நட்ட முதல் மூன்று நான்கு ஆண்டுகளில். கன்றின் பட்டை பச்சையாக இருப்பதும் அதே ஆண்டுகளில். களைக்கொல்லி மிகவும் தேவைப்படும் காலமும் அது மிகவும் ஆபத்தான காலமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. இந்த முரணைத் தீர்க்காத வரை எந்தப் பரிந்துரையும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

மருந்தை மட்டுமே நம்பினால் களையும் பழகிக்கொள்ளும். கானாவாழை இயல்பாகவே கிளைபோசேட்டுக்கு எளிதில் மடிவதில்லை. மற்ற களைகள் போன இடத்தை அது பிடித்துக்கொள்ளும். பிரேசிலின் எலுமிச்சை, காபித் தோட்டங்களை ஆட்டிவைக்கும் கொனைசா என்ற களை இனம் கிளைபோசேட்டை எதிர்த்து நிற்பது 2005-லேயே பதிவானது. நம் ஊரிலும் வருஷம் தவறாமல் ஒரே மருந்தை அடிப்பவர்கள் அந்தப் பாதையில்தான் போகிறார்கள்.

லேபிளில் இல்லாத பயிர்

1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒரு மருந்தை எந்தப் பயிருக்கு, எந்தக் களைக்கு, எந்த அளவில் அடிக்கலாம் என்பது லேபிளில் இருக்கவேண்டும். கிளைபோசேட்டுக்கு இந்தியாவில் நெடுங்காலமாக உள்ள பதிவு தேயிலைக்கும் பயிரில்லா நிலத்துக்கும்தான். பாராகுவாட்டின் பட்டியலில் காபி உண்டு. டையூரான் பட்டியலில் சாத்துக்குடி உண்டு. கொல்லை எலுமிச்சைக்கு அடியில் கிளைபோசேட் அடிப்பவரும் காபிச் சரிவில் அடிப்பவரும், தெரிந்தோ தெரியாமலோ, லேபிளுக்கு வெளியே நிற்கிறார்கள். அளவு, இடைவெளி, அறுவடைக்கு முன் எத்தனை நாள் விடவேண்டும் என்பதெல்லாம் அங்கே கடைக்காரர் வாய்மொழிதான்.

2020 மே மாதம் ஒன்றிய அரசு 27 மருந்துகளைத் தடைசெய்ய வரைவு வெளியிட்டபோது அதில் 2,4-டி, டையூரான், ஆக்சிஃபுளூர்ஃபென் ஆகிய களைக்கொல்லிகளும் இருந்தன. 2023-இல் வந்த இறுதி ஆணையில் தடை மூன்று மருந்துகளோடு நின்றுவிட்டது. அந்த மூன்றிலும் இவை இல்லை. 2022 அக்டோபரில் கிளைபோசேட்டுக்குத் தனி ஆணை வந்தது: உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பு நிறுவனத்தார் மட்டுமே தெளிக்கலாம். கரையான், எலி ஒழிப்புக்கு இப்படிப்பட்ட நிறுவனங்கள் தாம்பரத்தில் தெருவுக்குத் தெரு உண்டு; தாண்டிக்குடிச் சரிவில் எங்கே தேடுவது? ஆணை அனுமதிக்கும் ஆள் நகரத்து ஆள். மருந்து போகும் இடமோ மலை.

பாட்டிலில் இருக்கும் வண்ண முக்கோணத்தையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசை, உள்ளே போனால் மனிதரை எவ்வளவு விரைவில் பாதிக்கும் என்பதை மட்டும் சொல்வது. பச்சையோ நீலமோ இருந்தால் மரத்துக்கும் நல்லது என்று பொருளில்லை. நாள்பட்ட தீங்கைப் பற்றியும் அது பேசுவதில்லை.

நாள்பட்ட தீங்கு பற்றி உலகமே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படி நிகழ வாய்ப்பில்லை என்றது. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதியை மேலும் பத்தாண்டு நீட்டித்தது. முகமை கிளைபோசேட்டோடு, அது கலந்து விற்கும் தயாரிப்புகள் பற்றிய ஆய்வுகளையும் எடைபோட்டது. ஆணையம் கிளைபோசேட் என்ற மூலப்பொருளை மட்டுமே எடைபோட்டது. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் முதுகில் டேங்க் கசிய ஒரு பகல் முழுவதும் தெளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கு ஆணையத்தின் பதில் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது.

காபிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இந்தியக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. இத்தாலி முதன்மையான வாடிக்கை. காபிக் கொட்டையில் கிளைபோசேட் எச்சத்துக்கு ஐரோப்பா வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், அமெரிக்காவின் வரம்பு அதைப்போல் பத்து மடங்கு. தோட்டத்தில் உதிர்ந்த பழத்தை மருந்தடித்த தரையிலிருந்து பொறுக்கிச் சேர்த்தால் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடும்.

இலங்கை கற்றுத் தந்தது

'அப்படியானால் தடை செய்துவிட வேண்டியதுதானே?' என்பவர்கள் இலங்கை மலையகத்தைப் பார்க்கவேண்டும். வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே பரவிய, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயை முன்வைத்து 2015-இல் மைத்திரிபால சிறிசேன அரசு கிளைபோசேட்டைத் தடைசெய்தது. தேயிலைத் தோட்டங்களில் களை மண்டியது. தோட்டங்கள் மாற்றாக எம்சிபிஏ போன்ற மருந்துகளை நாடின. அவற்றின் எச்சம் ஜப்பானின் வரம்பைத் தாண்டியதால் ஏற்றுமதிக்குச் சிக்கல் வந்தது. 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடை தளர்ந்தது. 2021-இல் இரசாயன உரத் தடையோடு மீண்டும் இறுகி, 2022-இல் விலகியது. பெருந்தோட்டங்களில் களையெடுப்புச் சுமை மலையகத் தமிழ்த் தொழிலாளர் முதுகில்தான் ஏறியிறங்கியது. கேரளமும் 2019 பிப்ரவரியில், திருவல்லாவில் மருந்தடித்த இருவர் இறந்ததை அடுத்து, கிளைபோசேட்டுக்குத் தடை விதித்தது.

மறுபக்கம், அதே இலங்கை பாராகுவாட்டை அவசரப்படாமல் கையாண்டது. 2008-இலிருந்து செறிவைக் குறைத்து, பிறகு படிப்படியாகச் சந்தையிலிருந்தே விலக்கியது. விவசாயம் நின்றுபோகவில்லை. தடை என்பதைவிட, மாற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் படிப்படியாக விலக்குவதே பலிக்கிறது என்பதை இந்த இரண்டு அனுபவங்களும் சேர்ந்து காட்டுகின்றன.

தாம்பரத்துக் கொல்லைக்கு

இனி நம் பக்கத்துக்கு வருவோம். தென்புறநகரின் காலிமனைகளில் களை என்று நாம் சொல்வதில் பாதி மூக்கிரட்டை, கீழாநெல்லி, குப்பைமேனி, துத்தி. தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இவையே மருந்துச் சரக்கு. தெருவில் வயதான பெண்கள் கீரையாகப் பறித்துப் போகிறார்கள், ஆடு மாடும் மேய்கிறது. கிளைபோசேட் அடித்த செடி அன்றே வாடாது. ஒரு வாரம் வரை பச்சையாகவே நிற்கும். அந்த ஒரு வாரத்தில் பறிப்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. மனையில் மருந்தடிப்பவர் ஒரு பலகைகூட வைப்பதில்லை.

தண்ணீரும் கவலைதான். சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளின் உபரி பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. அது 2022 முதல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள ஈரநிலம். கிளைபோசேட்டுடன் சேர்க்கப்படும் ஒட்டுப்பொருள்களில் சில, தவளைக்குஞ்சுகளுக்கு மருந்தைவிடக் கேடானவை. மழைக்காலத்தில் வடிகால் ஓரம் அடித்தால் அது எங்கே போய்ச் சேரும் என்பதை முடிச்சூர், வரதராஜபுரத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போதாக்குறைக்கு இங்கே ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினமும் நிறைந்தது. அதிலுள்ள கால்சியம் கிளைபோசேட்டைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாது. புல் சாகவில்லையே என்று இரண்டு மூடி கூடுதலாக ஊற்றுவார்கள்.

'இயற்கை மருந்து' என்று கைபேசியில் சுற்றும் கல்லுப்பு–வினிகர்–சோப்புக் கரைசல் இன்னும் மோசம். உப்புக்கு மிக எளிதில் சோர்ந்துபோகும் பழமரங்களில் எலுமிச்சைக் குடும்பம் ஒன்று. புல் போனாலும் உப்பு மண்ணில் தங்கும்.

ஒன்றிரண்டு மரம் வைத்திருக்கும் வீட்டுக்கு ஆய்வு தரும் பதில் தெளிவானது: களைக்கொல்லியே வேண்டாம். கிளை படரும் வட்டம் முழுக்கக் காய்ந்த இலை, தேங்காய் மட்டை, கரும்புச் சோகை என்று நான்கு விரல்கடை மூடாக்குப் போட்டு, தண்டைச் சுற்றி ஒரு சாண் மட்டும் விட்டால் புல் எழாது. தண்டை ஒட்டி மூடாக்கு இருந்தால் பட்டையழுகல் வரும். மண்வெட்டியால் ஆழக் கொத்துவதும் கூடாது; சல்லிவேர் அறுந்து பிசின் வடியும் நோய்க்கு வழி விடும். எழுந்த புல்லை அரிவாளால் தரையோடு அரிந்து அங்கேயே போடலாம்.

மலைத் தோட்டங்களுக்கு அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. அங்கே ஆள் பற்றாக்குறை நிஜம். ஆனாலும் வரையறை வைக்கலாம். மூன்று வயதுக்குள் உள்ள கன்றைச் சுற்றிக் கையால் களையெடுப்பு அல்லது மூடாக்கு மட்டும்; மருந்து வேண்டுமானால் வரிசைகளுக்கு இடையில், சரிவுக்குக் குறுக்கே, பட்டை பட்டையாக, லேபிள் அனுமதித்த மருந்தே. நாசிலுக்குக் கூண்டு, குறைந்த அழுத்தம், காற்றில்லாக் காலை, அடுத்த ஆறு மணிநேரத்துக்கு மழை அறிகுறி இல்லாத நாள். தாழ்ந்த கிளையையும் போத்தையும் முதலில் கழித்துவிட வேண்டும். இடையில் தட்டைப்பயறு விதைத்தால் ஒரு தெளிப்பாவது மிச்சம். புல் வெட்டும் இயந்திரத்துக்கு மானியம் கொடுத்தால் இரண்டு தெளிப்பு மிச்சம்.

செய்யவேண்டியவர்கள் பட்டியலும் சிறியதுதான். காபி வாரியமும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் காபி–கமலா கலப்புத் தோட்டத்துக்கென்றே ஒரு களைப் பரிந்துரையைச் சேர்ந்து எழுதவேண்டும். இப்போது ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனியாக இருப்பது அந்தச் சரிவில் உதவாது. மருந்து நிறுவனங்கள் அடிக்கப்படும் பயிருக்குப் பதிவு வாங்கட்டும், அல்லது அந்தப் பயிருக்கு விற்பதை நிறுத்தட்டும். தாம்பரம் மாநகராட்சி காலிமனைகளில் தெளிப்பதற்கு முன்னறிவிப்புப் பலகையைக் கட்டாயமாக்கலாம். நீர்நிலை ஓரங்களில் தெளிப்பையே விலக்கலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை, இருக்கும் லேபிளை நிறைவேற்றும் மனம் போதும். கடையில் நிற்கும் நாமும் 'எந்த மருந்து நல்லது?' என்று கேட்பதை விட்டு, 'இதன் லேபிளில் என் மரம் இருக்கிறதா?' என்று கேட்கத் தொடங்கவேண்டும். இல்லை என்று பதில் வந்தால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.